வால் மெலிந்த குண்டு

நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், எடை 12.8 கிராம். உள்ளே ஈயம் கிடையாது, மேலே உறையும் கிடையாது. பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு துத்தநாகமும் கலந்த ஒரே உலோகத் துண்டு. முனை கூர்ந்து, நடுவில் பருத்து, பின்பக்கம் மறுபடியும் மெலிகிறது. பிரெஞ்சுப் படையின் கேப்டன் தெசலே 1898-இல் வடிவமைத்த ‘டி’ குண்டு இதுதான். அதுவரை உலகின் எந்தப் படையும் கூர்முனையும் மெலிந்த வாலும் சேர்ந்த துப்பாக்கிக் குண்டைக் கையில் எடுத்ததில்லை.

ஒரு மைலுக்கு அப்பால் நிறுத்திய இரும்புத் தகட்டைச் சுடும் போட்டிகள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கின்றன. அங்கே போகிறவர்கள் லேத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்த செம்புக் குண்டுகளைத்தான் பெரிதும் நாடுகிறார்கள். அவற்றில் ஒன்றைத் தெசலேயின் குண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் உறவு பளிச்சென்று தெரியும். அதே கூர்மை, அதே வால், அதே ஒற்றை உலோகம். இந்த உறவின் கதையைப் புதுச்சேரியிலிருந்து சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் குண்டை எய்த வெடிமருந்தின் பூர்வ கதையில் இந்த ஊரின் வீழ்ச்சி இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் துப்பாக்கி ஏந்திய இந்த ஊர்க்காரர்களின் இடுப்புப் பையில் இருந்ததும் இதே குண்டுதான்.

முதலில் தூரம். பாண்டியில் இருப்பவர்களுக்கு அதைப் புரியவைக்கப் பீச் ரோடே போதும். குபேர் சாலையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். காலை நடைக்கு வருகிறவர்கள் ஒருமுறை போய்த் திரும்பினால் இரண்டரை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராட்டன் ஊருக்கு அருகே நடந்த ‘இரண்டு மைல் அரசன்’ போட்டியில் கடைசி இலக்கின் தூரம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அதாவது பீச் ரோட்டில் போய்த் திரும்பி, மறுபடியும் பாதிக்கு மேல் நடக்க வேண்டும். இன்றைய தேர்ந்த தோட்டாக்களில் ஒன்றை எடுத்துச் சுட்டாலும் 2 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் குண்டு 45, 50 மீட்டர் கீழே விழுந்துவிடும். நம் உப்பளத்துக் கலங்கரை விளக்கத்தின் உயரம் கிட்டத்தட்ட அதுதான். சுடுகிறவர் அத்தனை உயரம் மேலே குறிவைத்தால்தான் குண்டு தகட்டில் இறங்கும்.

விழும் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். பூமியின் ஈர்ப்பு எப்போதும் ஒன்றுபோல இருப்பது. காற்று அப்படி இருப்பதில்லை. குண்டின் வேகத்தைத் தின்பது காற்று, பக்கவாட்டில் தள்ளுவதும் காற்று. போதாததற்கு, ஒலியின் வேகத்துக்குக் கீழே குண்டு இறங்குகிற இடத்தில் அதன் நிலையைக் குலைப்பதும் காற்றுதான். ஒலியின் வேகம் நம் ஊர் 30 பாகை வெயிலில் நொடிக்கு 349 மீட்டர் அளவில் இருக்கும். அந்த எல்லையை நெருங்கும்போது குண்டின் மேல் உள்ள அதிர்வலைகள் இடம் மாறுகின்றன. சரியாகச் சுழலாத குண்டு, வடிவம் சரியில்லாத குண்டு, அங்கே தலையாட்டத் தொடங்கிவிடும். ஆகவே நெடுந்தூரத்துக்குத் தோட்டா தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்தக் கூடு, எவ்வளவு மருந்து’ என்பதாக இருக்கக் கூடாது. ‘எந்தக் குண்டு காற்றைக் குறைவாகக் கலைக்கும்’ என்பதே முதல் கேள்வி. கூடும் மருந்தும் குண்டைச் சுழல வைக்கும் குழலின் மரையும் அந்தக் குண்டுக்கு ஏவல் செய்ய வந்தவை. இதை வாதத்தால் நிறுவ வேண்டியதில்லை, தெசலேயின் குண்டு கடந்து வந்த பாதையைப் பார்த்தாலே போதும்.

பாதை வெடியுப்பில் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்புதான். ஐரோப்பாவுக்கு அது பெருமளவில் போனது பிகாரிலிருந்து. பாட்னாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பு, கங்கை வழியே இறங்கி வரும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது சந்தர்நகரில் கப்பலேறியது. சந்தர்நகர் பாண்டிச்சேரியின் நிர்வாகத்துக்கு உட்பட்டிருந்தது. 1757 மார்ச்சில் கிளைவ் சந்தர்நகரைப் பிடித்தார். அடுத்த ஆண்டே பிகார் வெடியுப்பு முழுவதும் ஆங்கிலேயக் கம்பெனியின் தனியுரிமை ஆகிவிட்டது. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரியும் விழுந்தது. இந்த ஊரின் போர்களையும் வணிகத்தையும் நாட்குறிப்பில் எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே மாதத்தில்தான். வென்றவர்கள் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

வெடியுப்பு கைவிட்டுப் போன பிரான்சு சும்மா இருக்க முடியவில்லை. 1775-இல் அரசே வெடிமருந்துத் துறையைக் கையில் எடுத்தது. அதை நடத்த அமர்த்தப்பட்ட நால்வரில் ஒருவர் லவாய்சியர். ஆக்சிஜனைப் பற்றி நாம் பள்ளியில் படிக்கும் அதே லவாய்சியர்தான். பாரிஸ் ஆயுதச்சாலையில் குடியிருந்தபடி, பிரெஞ்சு மண்ணிலேயே வெடியுப்பு விளைய வைக்கும் முறைகளைச் சீர்ப்படுத்தினார். அவர் கைபட்ட அந்த அரசுத் துறை ஆட்சிகள் மாறியும் அழியவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1884-இல், அதன் மத்திய ஆய்வுக்கூடத்தில்தான் பால் வியேய் என்ற வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திய பஞ்சை ஈதரும் சாராயமும் கொண்டு பிசைந்து, தகடாகத் தட்டி, சின்னச் சின்னச் செதில்களாக வெட்டினார். அதற்கு முன் வெடிபஞ்சு கட்டுக்கடங்காமல் வெடித்துக் குழலைப் பிளந்தது. செதிலாக்கிய பிறகு ஒழுங்காக, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி எரிந்தது. அதே எடைக் கருமருந்தைப்போல மூன்று மடங்கு வேலை செய்தது. புகை மிகக் குறைவு, குழலில் கரியும் குறைவு. வெடியுப்பின் தேவையே அதில் இல்லை. இந்தியாவில் இழந்ததற்கு மாற்றுத் தேடத் தொடங்கிய துறை, இந்திய உப்பே வேண்டாத மருந்தில் வந்து நின்றது.

அடுத்து நடந்தது அவசரக் கோலம். 1886 ஜனவரியில் போர் அமைச்சரான ஜெனரல் புலாஞ்சே புதிய மருந்துக்கு உடனே ஒரு துப்பாக்கி வேண்டும் என்று நெருக்கினார். புதுக் கூடு வடிவமைக்க நேரம் இல்லை. முன்பிருந்த 11 மி.மீ. கிரா துப்பாக்கியின் பித்தளைக் கூட்டையே எடுத்து, அகன்ற அடியையும் தடித்த விளிம்பையும் அப்படியே விட்டுவிட்டு, கழுத்தை மட்டும் 8 மி.மீ. அளவுக்கு இரண்டு படியாகச் சுருக்கினார்கள். லெபெல் துப்பாக்கி பிறந்தது. அதற்கான முதல் குண்டு, துப்பாக்கிக்குத் தன் பெயர் வந்து ஒட்டிக்கொண்ட லெப்டினன்ட் கர்னல் லெபெலின் ‘எம்’ குண்டு. உள்ளே ஈயம், மேலே உறை, முனை தட்டை, எடை 15 கிராம்.

அந்தக் கூடு பிரெஞ்சுக்காரர்களை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்து ஆட்டியது. அடி பருத்து மேல் சரிந்த தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை நேராக நிற்காது, வளையும். முதல் உலகப் போரின் ஷோஷா இயந்திரத் துப்பாக்கிக்குப் பாதிச் சந்திர வடிவில் தோட்டாப் பெட்டி வைக்க வேண்டி வந்தது இதனால்தான். நெடுந்தூரம் போக வேண்டிய தோட்டாவுக்குக் கூடு எப்படி இருக்கக் கூடாது என்று கேட்டால் நான் லெபெலின் கூட்டைக் காட்டுவேன். ஆனால் அந்தக் கூட்டில் பொருந்திய இரண்டாம் குண்டுதான் உலகத்தையே தன் பக்கம் திருப்பியது.

தெசலேயின் குண்டுக்கு ஒரு தடை குறுக்கே நின்றது. லெபெல் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் நீண்ட குழாய் ஒன்று உண்டு. தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னதன் அடியில் பின்னதன் முனை இடிக்க, வரிசையாகப் படுத்திருக்கும். தட்டை முனை என்றால் பரவாயில்லை. கூர்முனை, முன்னே இருக்கும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை நேராகக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு கூட்டின் அடியிலும் கேப்பைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். கூடு அடியில் பருத்திருப்பதால் குழாய்க்குள் தோட்டா சற்றுச் சாய்ந்துதான் கிடக்கும். அந்தச் சாய்வில் பின்னதன் கூர்முனை கேப்புக்குப் போகாமல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்து லெபெல் கூடு ஒன்றைத் திருப்பி அடியைப் பார்த்தால் அந்த வட்டப் பள்ளம் நன்றாகத் தெரியும். விரல் நகத்தை வைத்து ஓட்டலாம்.

இனி அந்த வால். வேகமாகப் போகும் பொருளின் முன்னால் காற்று நெருக்கப்படுகிறது, பின்னால் வெற்றிடம் போன்ற ஒரு குழி உண்டாகிறது. அந்தக் குழி குண்டைப் பின்னோக்கி உறிஞ்சும். அடி தட்டையாக இருந்தால் குழி பெரிது. அடியைச் சரித்து மெலிய வைத்தால் காற்று பக்கங்களில் வழிந்து விரைவில் மூடிக்கொள்ளும், குழி சிறுக்கும். படகின் பின்புறத்தைக் குறுக்கிக் கட்டுவதும் இதற்காகத்தான். குண்டு புறப்படும் வேகத்தில் முனையின் வேலைதான் பெரிது, வாலின் லாபம் கொஞ்சம்தான். வேகம் குறையக் குறைய, ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, வாலின் பங்கு வளர்கிறது. பயணத்தின் கடைசிப் பாதிக்காகவே அமைந்த உறுப்பு அது. 200 மீட்டரில் சுடுகிறவருக்கு இந்த வாலால் சொல்லும்படியான ஆதாயம் இல்லை. 2,000 மீட்டரில் சுடுகிறவருக்கு இது இல்லாமல் முடியாது. ‘டி’ குண்டு வந்த பிறகு லெபெலின் குறிகாட்டியில் 2,000 மீட்டரில் நின்றிருந்த அளவுக்கோடுகள் 2,400 மீட்டர் வரை நீண்டன. குண்டின் எடை 15-இலிருந்து 12.8 கிராமாகக் குறைந்தது, குழல்வாய் வேகம் நொடிக்கு 630 மீட்டர் அளவிலிருந்து 700-ஐத் தொட்டது. அடியில் வெட்டிய பள்ளம் தவிரக் கூடு மாறவில்லை, குறிகாட்டி தவிரத் துப்பாக்கி மாறவில்லை. பெரிதும் மாறியது குண்டுதான்.

இந்த உருவத்தை அளக்கும் கணக்கும் பாண்டிச்சேரிக்குத் தெரிந்த ஒரு கடற்கரையிலிருந்துதான் வந்தது. பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்த ஊருக்குப் புறப்பட்ட துறைமுகம் பிரித்தானியின் லொரியான். கீழைத் திசை வாணிபத்துக்கென்றே 1666-இல் எழுந்த ஊர் அது. அந்தத் துறைமுகத்தின் வாயிலில் காவ்ர் என்ற மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படை அங்கே பீரங்கிச் சோதனைக்களம் அமைத்து, குண்டுகள் காற்றில் எப்படி வேகம் இழக்கின்றன என்று வருடக்கணக்கில் அளந்தது. இன்று கைபேசியில் இருக்கும் எந்தப் பாலிஸ்டிக் செயலியைத் திறந்தாலும் ஜி1, ஜி7 என்று இரண்டு தேர்வுகள் வரும். ஜி என்பது அந்தக் காவ்ர் குழுவின் நினைவாக வைத்த எழுத்து. தட்டை அடிக் குண்டுக்கு ஜி1, வால் மெலிந்த நீண்ட குண்டுக்கு ஜி7. நெடுந்தூரக்காரர்கள் ஜி7-ஐத்தான் பார்க்க வேண்டும். விற்பனைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் ஜி1 எண்ணை நம்பி ஒரு மைலுக்கு அப்பால் கணக்குப் போட்டால் தகட்டைத் தாண்டியோ, எட்டாமலோ குண்டு விழும்.

காற்றுத் தள்ளலுக்கான கணக்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவருடையதே. திதியோன் என்ற கணித வல்லுநர் சொன்னது இது: குண்டு இலக்கை அடைய எடுத்த நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெளியில் எடுத்திருக்கும் நேரத்தைக் கழியுங்கள், மிச்சத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள், அதுதான் குண்டு நகரும் தூரம். எடுத்த நேரம் 2 நொடி, வெற்றிடத்தில் 1.4 நொடி என்றால் மிச்சம் 0.6. பக்கக் காற்று நொடிக்கு 3 மீட்டர் என்றால் குண்டு 1.8 மீட்டர் விலகும். இந்த வாய்பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேகமான குண்டு காற்றுக்குத் தப்பும் என்று பலரும் நினைக்கிறார்கள். வாய்பாடு கேட்பது வேகத்தை எவ்வளவு இழந்தாய் என்பதை. மெல்லப் புறப்பட்டு இழக்காமல் போகிற குண்டு, பாய்ந்து புறப்பட்டு வழியில் களைக்கிற குண்டைவிடக் காற்றில் நிலையாக நிற்கும். நம் கடற்கரையில் பகல் ஏறியதும் வீசத் தொடங்கும் கடற்காற்றை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் உடனே பிடிபடும்.

தெசலேயின் குண்டைப் பார்த்துக்கொண்டு மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனி 1903 முதல் கூர்முனைக்கு மாறியது, அமெரிக்கா 1906-இல், பிரிட்டன் 1910-இல். மூன்று நாடுகளும் கூர்முனையை எடுத்துக்கொண்டு வாலை விட்டுவிட்டன. முதல் உலகப் போர் வந்து அந்த விடுபடலைச் சுட்டிக்காட்டியது. தங்கள் தட்டை அடிக் குண்டுகள் ஏட்டில் எழுதிய தூரத்துக்குப் போகவில்லை என்று அமெரிக்கர்கள் கண்டார்கள். போருக்குப் பின் பிளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் தண்ணீரின்மேல் சுட்டு, குண்டு விழுந்து தெறிக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து அளந்து, கடைசியில் வால் மெலிந்த குண்டுக்கு வந்தார்கள். ஜெர்மானியர்கள் போர் நடக்கும்போதே வந்துவிட்டார்கள். அவர்கள் செய்த கனமான வால் குண்டின் எடையும் 12.8 கிராம்தான்.

அந்தப் போருக்குப் புதுச்சேரியிலிருந்து ஆட்கள் போனார்கள். 1814-இல் பாரிசில் எழுதிய உடன்படிக்கையின்படி பிரான்சு இங்கே கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான சிப்பாய்களுக்கு மேல் படை வைக்கவும் கூடாது. நூறு ஆண்டுகள் இந்த ஊர் ராணுவ ஊராக இல்லை. 1914-இல் நிலைமை திரும்பியது. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சொந்த வழக்குரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இங்கே இருந்தன. சாதியின் பிடியிலிருந்து விலக அதுவொரு வாசல் என்று பலர் நினைத்தார்கள். குடியுரிமைக்கு ஈடாகத் தங்கள் உயிரையும் வைக்கத் துணிந்தவர்கள் அவர்களிலும் பிறரிலும் உண்டு. அங்கே போனவர்களுக்குக் கொடுத்தது லெபெல் துப்பாக்கியா, அதற்குப் பின் வந்த பெர்த்தியேயா என்பது பிரிவைப் பொறுத்தது. இரண்டுக்கும் தோட்டா ஒன்றே: அடியில் வட்டப் பள்ளம், முனையில் தெசலேயின் பித்தளைக் குண்டு. வெயிலில் வளர்ந்த விரல்கள் ஐரோப்பியக் குளிரில் அந்தத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணிக் குழாய்க்குள் தள்ளியிருக்கும்.

திரும்பாதவர்களுக்காகப் பீச் ரோட்டில், காந்தி சிலைக்கு அருகே, நினைவுச்சின்னம் எழுந்தது. 1938 ஏப்ரல் 3-இல் கவர்னர் குரோசிக்கியா திறந்துவைத்தார். ஜூலை 14-ஆம் நாள் அங்கே இன்றும் மலர்வளையம் வைக்கிறார்கள். சின்னம் திறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1936 ஜூலை 30-இல், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா ஆலைத் தொழிலாளர்கள்மேல் இதே அரசின் காவல்படை சுட்டு 12 பேரைக் கொன்றது. அந்தப் பன்னிருவரின் நாளையும் இந்த ஊர் விடாமல் நினைவுகூர்கிறது. துப்பாக்கிக் குண்டின் கதையைப் புதுச்சேரியில் எழுதுகிறவர் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுத வேண்டும். குண்டின் வடிவத்தை நான் வியக்கிறேன். அது பாய வேண்டிய இடம் இரும்புத் தகடும் காகிதமும்தான் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

வெடிமருந்துக்கும் வெயிலுக்கும் இடையில் உள்ள பகையைச் சொல்லாமல் தோட்டாத் தேர்வு முழுமை பெறாது. வியேயின் மருந்து தொடக்கத்தில் நிலையற்றது. நாள்பட்டால் உள்ளுக்குள்ளேயே சிதைந்து சூடேறும். 1907 மார்ச்சில் இயேனா, 1911 செப்டம்பரில் லிபெர்தே என்று இரண்டு போர்க்கப்பல்கள் தூலோன் துறைமுகத்தில் நின்ற இடத்திலேயே வெடித்து, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கெட்டுப்போன மருந்துதான் காரணம். அதன் பிறகே நிலைநிறுத்தும் இரசாயனங்களைச் சேர்ப்பதில் கண்டிப்பு வந்தது. ஆங்கிலேயர்கள் வியேயின் மருந்துக்குப் போட்டியாக 1889-இல் உருவாக்கிய கார்டைட்டைப் பக்கத்துத் தமிழ்நாட்டிலேயே செய்தார்கள். குன்னூருக்கு மேலே, மலை ரயில் போகும் வழியில் உள்ள அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இன்றும் உந்துமருந்து செய்கிறது.

மருந்து இப்போது எளிதில் கெட்டுப்போவதில்லை, ஆனால் வெயிலை அது இன்னும் மறக்கவில்லை. சில மருந்துகளில் ஒரு பாகை வெப்பம் கூடினால் குண்டின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் வரை ஏறும். காலை 25 பாகையில் சரிபார்த்த தோட்டாவை அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் 40 பாகையில் சுட்டால் ஏழு எட்டு மீட்டர் வேகம் கூடிவிடும். 2 கிலோமீட்டரில் அது முக்கால் மீட்டருக்கு மேல் உயரத்தை மாற்றும். தகட்டின் உயரமே ஒரு மீட்டர் என்றால் என்ன மிச்சம்? குளிர்நாட்டுக்காரர் புகழ்ந்து எழுதும் மருந்தை நம் ஊர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. வெப்பத்துக்கு அசையாத மருந்து எது என்று முதலில் பார்க்க வேண்டும். தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது. சூடான குழலுக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காகக் காத்திருக்கவும் கூடாது.

இனிக் கூடு. சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணுவ ரகமான .303 இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட துளையளவு. பிரிட்டிஷ் காலத்துக் கட்டுப்பாடு அது. படையின் தோட்டா குடிமக்கள் துப்பாக்கிக்குள் போகக் கூடாது என்பது கணக்கு. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் .315. ஆஸ்திரியாவின் மான்லிகர் தோட்டாவைத் தழுவிய 8 மி.மீ. விளிம்புத் தோட்டா. லெபெலுக்கு இரண்டு ஆண்டு இளையது, அதே குழல் அளவு, அதே 50 மி.மீ. கூடு நீளம், ஆனால் ஒன்று மற்றதில் பொருந்தாது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் தொழிற்சாலையில் இதற்கான துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஹூக்ளி ஆற்றின் அந்தக் கரைப்பகுதிக்கு எதிர்ப்புறத்தில்தான் பழைய சந்தர்நகர் இருக்கிறது. உரிமம் வைத்திருக்கும் எத்தனையோ விவசாயிகள் வீட்டில் .315 தொங்குகிறது. பயிர்க்காவலுக்கு அது போதும், மைல் தூரத்துக்கு அது ஆகாது.

புதுச்சேரியில் குறிபார்த்துச் சுடும் பழக்கத்துக்கும் ஒரு தனி வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயர் 1910 முதல் இங்கே அடைக்கலம் இருந்தபோது கரடிக்குப்பத்தில் வாஞ்சிநாதனுக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி தந்தார் என்று இங்கே வழிவழியாகச் சொல்வார்கள். அது சில அடி தூரத்துக் கதை. இன்று பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கும் ரைபிள் போட்டிகளில் மிக நீண்டது 300 மீட்டர். அங்கே அனுமதிக்கப்படும் உச்ச துளையளவு 8 மி.மீ. அதற்கு அப்பால் உள்ள தூரத்துக்கு நம் நாட்டில் பொதுமக்களுக்கான ஏற்பாடுகள் இன்னும் வளர வேண்டும். அதுவரை இந்தத் தேர்வு நம்மில் பெரும்பாலோருக்கு ஏட்டிலும் கணக்கிலும்தான். ஏட்டில் செய்தாலும் சரியாகச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

.308 நல்ல தோட்டா. ஆனால் 900, 1,000 மீட்டரில் அதன் குண்டு ஒலியின் வேகத்துக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடம் அது, மைல் தூரத்துக்கு அனுப்பக் கூடாது. 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் உதை குறைந்தது, குண்டு மெலிந்து நீண்டது. காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. மைல் தூரத்தின் வாசலில் நிற்பது .338 லபுவா மேக்னம். .416 ரிக்பி என்ற பழைய யானை வேட்டைத் தோட்டாவின் கூட்டைக் கெட்டிப்படுத்தி, குறுக்கி, 1989-இல் முடிவான வடிவம் பெற்றது. 19 கிராம் குண்டை 1,500 மீட்டர் அளவுக்கு ஒலிக்கு மேலான வேகத்தில் கொண்டுசெல்லும். அதற்கும் அப்பால் .375 செய்டாக், .416 பாரெட் போன்றவை. இவற்றில் ஒரு தோட்டா உள்ளங்கையை நிரப்பும், ஒரு வெடிக்குக் குழல் தேய்வதும் பணம் கரைவதும் அதற்கேற்ப இருக்கும்.

இந்தப் பெரிய தோட்டாக்களில்தான் தெசலேயின் ஒற்றை உலோகம் திரும்பி வந்திருக்கிறது. ஈயக்கருக் குண்டில் ஈயமும் உறையும் மயிரிழை மையம் தப்பினாலும் சுழலும்போது ஆடும். அருகில் தெரியாத அந்த ஆட்டம் மூன்றாயிரம் மீட்டரில் தெரியும். லேத்தில் கடைந்த செம்பில் ஒரே பொருள், ஒரே மையம். குறையும் உண்டு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பின் அடர்த்தி 9-க்கும் கீழே. அதே எடைக்குக் குண்டை நீட்ட வேண்டும், நீண்ட குண்டு நிலைத்து நிற்க அதிகமாகச் சுழல வேண்டும், அதற்கு மரை நெருக்கமாக இருக்க வேண்டும். தெசலேக்கு இந்தச் சிக்கல் இருந்ததா என்றால், லெபெலின் மரை 24 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. அவருடைய 4 சென்டிமீட்டர் குண்டுக்கு அது தாராளம். கிடைத்த குழலுக்கு ஒத்துப்போகும் எல்லைவரை குண்டை நீட்டினார். இன்றுள்ளவர்கள் குண்டை முதலில் முடிவுசெய்து, அதன் நீளத்துக்கு ஏற்ற மரையைக் கடையச் சொல்கிறார்கள்.

எனவே யாராவது என்னிடம் தோட்டா கேட்டால் வரிசை இப்படி இருக்கும். எந்தத் தூரம்வரை குண்டின் வேகம் ஒலிக்கு மேலே நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். அதைச் செய்யும் வால் மெலிந்த குண்டைத் தேடுங்கள், அதன் ஜி7 எண்ணைப் பாருங்கள். அந்தக் குண்டின் நீளத்துக்கு மரை. அந்தக் குண்டை உந்தத் தேவையான மருந்து, நம் வெயிலுக்கு அசையாத வகை. அந்த மருந்தைக் கொள்ளும் கூடு. தோட்டாவின் பெயர் கடைசியில்தான் வரும். பீச் ரோடு நீளத்துக்குச் சுட விரும்புகிறவருக்கு இந்த வரிசை 6.5-இலேயே நின்றுவிடும், .375 வரை போக வேண்டிய தேவையே இருக்காது.